சீனியர் உட்கார்ந்துவிட்டார்

சமையலறை அலமாரிக்கு நேர் எதிரே நாய் போய் உட்கார்ந்ததும், பல்செட்காரரின் கையிலிருந்த டீக் கோப்பை தட்டில் தாளம் போட ஆரம்பித்தது.

"பயப்படாதீங்க," என்றாள் அவர் மனைவி, வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. "சீனியர் வீட்டைச் சுத்திப் பார்க்கிறார். அவர் பாட்டுக்குப் பார்க்கட்டும்."

"யாரு சீனியர்? இந்த நாயா?"

"நாய்னு சொல்லாதீங்க. சர்வீஸ்ல எனக்கு முன்னாடி சேர்ந்தவர். ஆபீஸ்ல இவருக்கு ஒரு வணக்கம் வச்சிட்டுத்தான் நானே உள்ள போவேன்."

சீனியர் திரும்பிப் பார்க்கவில்லை. பழுப்பு உடம்பு, வாயைச் சுற்றி நரை, தொங்கிப்போன காதுகள். பரீட்சை ஹாலுக்கு மேற்பார்வை பார்க்க வந்தவரைப் போல அலமாரியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அலமாரியின் நடுத்தட்டில் ஒரு தகர டப்பா இருந்தது. அதன் மேல் 'கிராம்பு' என்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது கிராம்பு அல்ல.

பல்செட்காரரின் மனைவி துறைமுகச் சுங்கத்தில் மோப்ப நாய்ப் பிரிவில் அதிகாரி. தெருவில் எல்லோரும் அவளை அதிகாரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சில சமயம் வாய் தவறி அவரும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்.

"சார் திடீர்னு இவருக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டார். ஏன்னே தெரியலை," என்றாள் அவள். "யாரு வீட்டுக்காவது கூட்டிட்டுப் போங்க, ஆபீஸ்ல இருக்கக் கூடாதுன்னுட்டார். எனக்கு மனசு கேக்கலை. கூட்டிட்டு வந்துட்டேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். இவர் என்ன... கடிப்பாரா?"

"சேச்சே! கடிக்க மாட்டார், குரைக்க மாட்டார், பிறாண்ட மாட்டார். சாமான் எங்க இருக்கோ அதுக்கு எதிர்ல போயி உக்காருவார். அவ்வளவுதான். போன மாசம் ஒரு லாரி டிரைவர் முன்னாடி உக்காந்தார் பாருங்க, நாங்க வாயைத் திறக்கிறதுக்குள்ள அவனே சீட்டைக் கிழிச்சு எல்லாத்தையும் எடுத்து வெளிய வச்சிட்டான்."

"சாமான்னா?"

"கஞ்சாதான். வேற எதுலயும் இவருக்கு இஷ்டம் கிடையாது."

பல்செட்காரர் கோப்பையில் மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிய கோப்பையை மறுபடியும் கழுவினார்.

"ஏன் அலமாரிக்கு எதிர்லயே உக்காந்திருக்கு... உக்காந்திருக்கார்?"

மனைவி அலமாரியைப் பார்த்தாள். பிறகு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "புது இடம் இல்லையா? குழப்பமா இருக்கும். வாங்க சீனியர், ஹாலுக்குப் போகலாம்."

பல்செட்காரரின் வயிறு அந்தத் தெருவுக்கே தெரிந்த வயிறு. சாப்பிட்டு எழுந்தால் போதும், ஈரத் துணியைப் பிழிவது போலத் தொப்புளுக்கு மேலே யாரோ பிடித்துப் பிழிவார்கள். அப்புறம் உப்பசம், அப்புறம் எரிச்சல், அப்புறம் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நிற்க வேண்டும். குடல் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது, டென்ஷனைக் குறையுங்கள் என்றார். அதைக் கேட்டு இவருக்கு டென்ஷன் கூடியதுதான் மிச்சம். முன்னறையில் பட்டறை போட்டு, பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து ஊருக்கெல்லாம் பல்செட் செய்து கொடுக்கிறவர் அவர். மற்றவர்கள் மெல்வதற்கு வழி செய்து கொடுத்துவிட்டு, தான் மட்டும் வருஷக்கணக்காகக் கஞ்சித் தண்ணீரில் காலம் தள்ளினார்.

மாடிவீட்டுக்காரர்தான் வழி சொன்னார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் படியில் மடங்கி உட்கார்ந்திருந்த பல்செட்காரரைப் பார்த்துவிட்டு, மேலே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்க விடு. பால் ஊத்து. வடிகட்டிக் குடி. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"என்ன இலைங்க இது?"

"குடிச்சிட்டு வந்து கேளு."

குடித்துவிட்டுப் போய்க் கேட்டார். மாடிவீட்டுக்காரர் பதில் சொன்னார். பல்செட்காரருக்குத் தலை சுற்றியது, பயத்தில்தான்.

"ஐயையோ! என் பொண்டாட்டி யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் குடிச்சிட்டு வந்து கேக்கச் சொன்னேன்."

அன்று மாலை பல்செட்காரர் வறுத்த மீனைத் தொட்டுக்கொண்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் நேரம் பார்த்தார். அப்போதும் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். வலியில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. அதற்குப் பிறகு தினம் ஒரு கோப்பை. கெட்ட பழக்கம் என்று சொல்லும்படி வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பட்டறையில் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும் பல்செட்களைப் பார்த்து எப்போதாவது பதிலுக்குச் சிரிப்பார், அவ்வளவுதான்.

மனைவியிடம் அது மூலிகை டீ என்று சொல்லி வைத்திருந்தார். துறைமுகத் தூசியில் அவளுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். வாசனை பிடிக்க நாய் இருக்கும்போது அவளுக்கு எதற்கு மூக்கு என்று நிம்மதியாக இருந்தார். இப்போது அந்த நாயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஹாலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"சொல்ல மறந்துட்டேங்க. வெள்ளிக்கிழமை சார் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரார். பிரிவுக்குத் தலைமை யாருங்கறதை அவர்தான் முடிவு பண்ணணும். நானா, இல்லை அந்த விமான நிலையத்து ஆளான்னு இழுபறியில இருக்கு. வீட்டுல ஒரு சின்னத் தப்பும் நடந்துடக் கூடாது."

"சேச்சே! இந்த வீட்டுல என்ன தப்பு நடக்கப் போகுது?"

அந்தப் பதவிக்காக அவள் மழையிலும் வெயிலிலும் கண்டெய்னர்களுக்கு நடுவே நாயைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அவர் பார்த்திருக்கிறார். சுங்க அதிகாரியின் சமையலறையிலேயே கஞ்சா என்று வெளியே தெரிந்தால் பதவி மட்டுமா போகும்? வேலையே போகும். அதுவும் எதற்காக? ஒரு டீக்காக. பல்செட்காரருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. வயிற்றின் மேல் அதைவிட வெறுப்பு.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் டப்பாவை எடுத்தார். உள்ளே இலை அவர் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. பயத்தில் எதுவும் ஞாபகம் இருக்க மாட்டேன் என்கிறது என்று நினைத்துக்கொண்டார். கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் விஷயம் முடிந்தது. டப்பாவைக் கவிழ்க்கப் போனார். கை வரவில்லை. வறுத்த மீன் ஞாபகத்துக்கு வந்தது.

திரும்பினால், கழிவறை வாசலில் சீனியர் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணுமில்லைங்க சார், சும்மாதான்," என்றார் பல்செட்காரர் நாயிடம்.

டப்பாவைப் பட்டறைக்கு எடுத்துப் போய், பிளாஸ்டர் மாவு வாளிக்குள் புதைத்து மூடினார். சீனியர் மெதுவாக நடந்து வந்து பட்டறை வாசலில் உட்கார்ந்தார். தோண்டி எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். சீனியர் ஹாலுக்கு வந்து அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து, ஈரக் கண்களால் அவர் முகத்தைப் பார்த்தார்.

பல்செட்காரர் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்தார். சீனியர் அதைத் தொடவில்லை. இன்னொன்று வைத்தார். அதையும் சட்டை செய்யவில்லை.

'லஞ்சம் வாங்காத ஆளா வந்து வாய்ச்சிருக்காரே!' என்று பல்செட்காரர் இரண்டு பிஸ்கட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மாடிப்படி ஏறினார். சீனியரும் பின்னாலேயே வந்தார். முதல் படியில் முன்னங்காலை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே படியின் கீழே உட்கார்ந்து மேலே பார்த்தார். தப்பிக்கும் வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாடிவீட்டுக்காரர் கதவைத் திறந்து, பல்செட்காரரைப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"சுங்க நாயையா கூட்டிட்டு வந்திருக்கே? என்னைக் காட்டிக் குடுக்கிறியா?"

"இல்லைங்க, இதைத் திருப்பி..."

"எதை? எனக்கு எதுவும் தெரியாது. உன்னையே எனக்குத் தெரியாது!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கு மேல் ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தமும் கேட்டது.

கீழே இறங்கியபோது பல்செட்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. தொழில் தெரிந்தவனுக்கு மட்டும் தோன்றுகிற யோசனை என்று தன்னையே மெச்சிக்கொண்டார். பிளாஸ்டருக்குள் வைத்துப் பூசிவிட்டால் எந்த மூக்குக்கு எட்டும்? இலையை மெழுகில் பொதிந்து உருண்டையாக்கினார். பல் டாக்டரிடமிருந்து காலையில் வந்திருந்த அச்சுகளில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, நடுவில் உருண்டையை அமுக்கி, மேலே இன்னும் கொஞ்சம் ஊற்றி மூழ்கடித்தார். இறுகியதும் எடுத்தால் வெள்ளை வெளேரென்று ஒரு மேல்தாடை. வழக்கம் போல அச்சின் எண்ணை அடியில் எழுதி, அதைப் போன்ற மற்ற தாடைகளோடு வரிசையில் வைத்தார். உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

சீனியர் வந்தார். தாடைகளின் வரிசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"அட, என்னய்யா மூக்கு இது!" என்று பல்செட்காரர் ஸ்டூலில் சரிந்தார்.

அன்று மாலை மனைவி வந்ததும் கேட்டாள். "சாரோட வாய் அச்சு வந்துடுச்சா? புதுப் பல்செட்டுக்கு உங்ககிட்டதான் அனுப்பியிருக்காராம், பல் டாக்டர் சொன்னார். நல்லா செஞ்சு குடுங்க, புண்ணியமாப் போகும். பழைய செட் லூசாயி, மனுஷன் ஒண்ணும் மெல்ல முடியாம அவஸ்தைப்படறார்."

பல்செட்காரர் பட்டறைக்கு ஓடினார். வந்திருந்த அச்சுகளில் ஒட்டியிருந்த எண்களை டாக்டர் அனுப்பிய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த அச்சில் இலையைப் போட்டு மூடினாரோ, அதுதான் மேலதிகாரியின் வாய்.

உடைத்து எடுக்கலாம் என்று சுத்தியலைத் தூக்கினார். வாசலில் சீனியர். சுத்தியலைக் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை வருவதற்குள் பல்செட்காரர் உருக்குலைந்து போனார். டீ நின்றுபோனதால் வயிறு பழைய கணக்குக்கெல்லாம் சேர்த்துப் பிழிந்தது. வலியில் குனிந்தால் எதிரில் சீனியர். நிமிர்ந்தால் எதிரில் சீனியர். குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் சீனியர். ரத்தத்திலேயே ஊறியிருக்குமோ என்று சந்தேகம் வந்து, உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தார். அப்போதும் உட்கார்ந்தார். மனைவிகூட இப்போதெல்லாம் சமையலறைக்குப் போகும்போது நாயைச் சுற்றிக்கொண்டுதான் போனாள். மரியாதை போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை மேலதிகாரி வந்தார். ஆள் வாட்டசாட்டம், கன்னம் மட்டும் ஒட்டிப் போயிருந்தது. ஹாலில் கால் வைத்தவர் சீனியரைப் பார்த்ததும் பின்னால் ஓரடி வைத்தார்.

"இவரை... இங்கயா வச்சிருக்கேம்மா?"

"ஆமா சார். நீங்கதானே யாராவது கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேன், சொன்னேன். எங்கயாவது தோட்டம் தொரவுல விடுவேன்னு நினைச்சேன்."

"துறைமுகத்து மாட்டு டாக்டரையும் இன்னிக்கு வரச் சொல்லியிருக்கேன் சார். ரிட்டயராகி வந்தவர், ஒரு தடவை உடம்பைப் பார்த்துடட்டுமேன்னு."

"நல்லது, நல்லது," என்ற மேலதிகாரி, மேஜையில் உட்கார்ந்ததும் கால்களை மடக்கி நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

சூப் வந்தது. மேலதிகாரி கரண்டியால் எடுத்து ஆற்றி ஆற்றிக் குடித்தார். பல்செட்காரர் ஒரு வாய் குடித்ததும் வயிறு முறுக்கியது. மேஜை விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தார்.

"என்ன, வலியா?" என்றார் மேலதிகாரி பரிவோடு. "வயித்து வலி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மெல்லாம முழுங்கி முழுங்கி, எனக்கும் குடலே புண்ணு."

"அப்படியா சார்? இப்ப எப்படி இருக்கு?"

"இப்பவா? இப்பப் பரவாயில்லை." மேலதிகாரி அவசரமாகச் சூப்பில் குனிந்தார். "ஆமா, என் பல்லு எந்த மட்டுல இருக்கு?"

"ஆயிட்டே இருக்கு சார். இன்னும் ஒரு வாரம்..."

"இருங்க சார், காட்டறேன்," என்று மனைவி எழுந்தாள். "உங்க தாடை மோல்டு ரெடி. நம்பரைப் பார்த்து வச்சிருக்கேன்."

"வேண்டாம்!" என்று பல்செட்காரர் கத்திவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சாப்பிடற இடத்துல எதுக்கு, பிளாஸ்டர் தூசி..." என்று முனகினார்.

அதற்குள் அவள் போய்விட்டாள். திரும்பி வந்து, சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மேலதிகாரியின் மேல்தாடையை வைத்தாள்.

"அட!" என்றார் மேலதிகாரி. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வாயா இது? உள்ள இவ்வளவு இடமா இருக்கு?"

மூலையில் படுத்திருந்த சீனியர் எழுந்தார்.

நகம் தரையில் தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. சீனியர் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார். பல்செட்காரரைத் தாண்டினார். மனைவியைத் தாண்டினார். மேலதிகாரியின் நாற்காலிக்கு எதிரே வந்து, நிதானமாக உட்கார்ந்தார்.

தாடையைத்தான் பார்க்கிறார் என்று பல்செட்காரருக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் முடிந்தது. வாயைத் திறந்தார். ஆனால் வார்த்தை வந்தது அவர் வாயிலிருந்து அல்ல.

"சரிம்மா," என்றார் மேலதிகாரி. அவர் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. "இனிமே மறைச்சுப் பிரயோஜனம் இல்லை."

"எதை சார்?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்லயும் இப்படித்தான். காலைல வந்தா என் ரூம் வாசல்ல உக்காந்திருப்பார். மீட்டிங்ல எல்லாரையும் விட்டுட்டு என் முன்னாடி வந்து உக்காருவார். எத்தனை நாள்தான் தாங்குவேன்? அதனாலதான்மா ரிட்டயர்மெண்ட் குடுத்தேன்." தாடையை மார்போடு அணைத்துக்கொண்டார். "டீதான்மா. வேற எதுவும் இல்லை. வயித்து வலிக்கு. ஒரு நாளைக்கு ஒரு கப்."

கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. யார் கரண்டி என்று யாரும் கவனிக்கவில்லை.

"உங்களுக்கு யாரு சார் குடுத்தது?" என்றார் பல்செட்காரர் மெல்ல.

"பழைய கப்பல் சமையல்காரர் ஒருத்தர். நல்ல மனுஷன்."

பல்செட்காரரின் கண் தானாக மாடியைப் பார்த்தது. மேலதிகாரியும் அதே திசையில் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன.

"இந்த மாடியா?"

"இந்த மாடிதான் சார்."

அதிர்ச்சியில் மேலதிகாரியின் கை தளர்ந்தது. தாடை நழுவித் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. நடுவிலிருந்து மெழுகு உருண்டை உருண்டு போய் மனைவியின் காலடியில் நின்றது. உடைந்த பக்கம் வழியாக இலை எட்டிப் பார்த்தது.

"என் வாய்க்குள்ளயா?" என்றார் மேலதிகாரி நம்ப முடியாமல்.

பல்செட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவருக்கு அழுகை வந்தது. கூடவே, சொல்லப்போகிறோம் என்ற நிம்மதியும் வந்தது. "நான்தான். எல்லாம் நான்தான். அவளுக்கு எதுவும் தெரியாது சார். அவளை எதுவும் பண்ணிடாதீங்க. வலி தாங்காமத்தான் குடிச்சேன். ஒரே ஒரு தடவை வயிறு நிறையச் சாப்பிடணும்னு ஆசையா இருந்துச்சு. அது தப்பா போச்சு. நம்பிக்கிட்டிருந்த பொண்டாட்டிக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

சீனியர் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்தார். மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் மெதுவாக நடந்து, மனைவிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உருண்டை அங்க கிடக்குல்ல, அதான்," என்றார் பல்செட்காரர் அவசரமாக.

மனைவி உருண்டையைக் காலால் தள்ளிவிட்டாள். அது கதவோரம் போய் நின்றது. சீனியர் அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் மேலதிகாரி.

"ஒரு நாள் கோப்பை மாறிப் போச்சு சார். இவரோடதை எடுத்து நான் குடிச்சிட்டேன்."

"தெரியாமத்தானே?" என்றார் பல்செட்காரர்.

"முதல் வாய் தெரியாமத்தான். ரெண்டாவது வாய்ல தெரிஞ்சிடுச்சு. நான் எந்த டிபார்ட்மெண்ட்னு மறந்துட்டீங்களா? ஜலதோஷம் இருந்தா நாக்குமா செத்துப்போயிடும்?" கையை விலக்கிக் கணவரைப் பார்த்தாள். "உங்களைக் கேக்கணும்னுதான் இருந்தேன். ஆனா அதுக்கு முன்னாடியே நீங்க மீனு சாப்பிட்டதைப் பார்த்திருந்தேன். குளியலறைல அழுததும் கேட்டுச்சு. எப்படிங்க கேக்கறது?"

பல்செட்காரர் தன் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ ரெண்டாவது வாயோட நிறுத்திட்டேல்ல?" என்றார் மேலதிகாரி நம்பிக்கையோடு.

"எங்க சார்! நாள் முழுக்கக் கண்டெய்னர் கண்டெய்னரா நடந்துட்டு வந்தா எனக்கும்தான் வயிறு உப்பிக்கிட்டு, கொடல் முறுக்கும். இவர் பட்டறைல இருக்கும்போது ஒரு சிட்டிகை, ரெண்டு சிட்டிகை எடுத்துக்குவேன்."

"அதான் டப்பால இலை குறைஞ்சுச்சா!" என்றார் பல்செட்காரர்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் மேலதிகாரிதான் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு நான் இங்க சூப் குடிச்சேன். நல்லா இருந்துச்சு. வேற எதுவும் நடக்கலை."

"நடக்கலை சார்."

"பிரிவுக்கு நீதான் தலைவி. திங்கட்கிழமை ஆர்டர் வந்துடும். அந்த விமான நிலையத்து ஆளு வேண்டாம். அவனுக்கு வயித்து வலி இருக்கற மாதிரியே தெரியலை. நம்ம கஷ்டம் அவனுக்குப் புரியாது."

"ரொம்ப நன்றி சார்."

"நீங்க என் தாடையைத் திரும்ப ஊத்தணும்," என்றார் பல்செட்காரரிடம். "உள்ள ஒண்ணும் வைக்காம."

வாசல் மணி அடித்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். மேலதிகாரி தாடைத் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல்செட்காரர் மெழுகு உருண்டையைச் சூப் சட்டிக்குள் போட்டு மூடினார். மனைவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

மாட்டு டாக்டர் பையோடு உள்ளே வந்தார். மேலதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராகச் சீனியரிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார், பின்னங்காலைப் பிடித்து மெதுவாக மடக்கினார். சீனியர் முனகினார்.

மேலதிகாரிக்கு மனசாட்சி உறுத்தியது போலிருக்கிறது. நாயின் தலையைத் தடவிக் கொடுத்தபடி சொன்னார்: "நான் இவருக்கு அவசரப்பட்டு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டேன் டாக்டர். பெரிய தப்பு. யாரா இருந்தாலும் தயவு தாட்சண்யம் பார்க்காத மூக்கு. இப்படி ஒரு மூக்கு இனிமே நம்ம டிபார்ட்மெண்டுக்குக் கிடைக்கவே கிடைக்காது."

"மூக்கா?" என்று டாக்டர் சிரித்துவிட்டார். "அது செத்துப்போயி வருஷக்கணக்காச்சு சார், மூஞ்சிக்கு நேரா கருவாட்டை நீட்டினாக்கூட இவருக்குத் தெரியாது, இடுப்பு வலி, அதனால நாலடி நடந்தா எங்க இருக்காரோ அங்கயே உக்காந்துடறார், அவ்வளவுதான்!"